அம்மாவ ஹோம்ல விடலாமான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்க கேட்டது இதுதான்: அம்மாவுக்கு 74 வயசு, ஹட்டன் பக்கம் தேயிலத் தோட்டத்துல லயத்துக் காம்பராவுல (தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டின வீட்டு ரூம்ல) தனியா இருக்காங்க, அப்பா தவறிட்டாரு, நீங்க கொழும்புல கடையில வேல, தங்கச்சி குவைத்ல, அம்மா பீலிக்கரையில (தண்ணி பிடிக்கிற எடத்துல) ரெண்டு தடவ வழுக்கி விழுந்துட்டாங்க. ஹோம்ல, அதான் முதியோர் இல்லத்துல, சேத்தா நல்லா இருப்பாங்களா, உள்ள ஒரு நாள் எப்படிப் போகும், சாப்பாடு கவனிப்பு எல்லாம் எப்படின்னு கேட்டிருந்தீங்க. நான் அரசாங்க ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து பென்சன் வாங்கினவ, இப்ப மலையகத்துல சில ஹோம்களுக்குப் போயி பிரஷர் பாக்குறது, புண்ணுக்கு மருந்து கட்டுறது, அங்க கவனிக்கிற பிள்ளைங்களுக்கு, மிஸ்மாருன்னு சொல்லுவோம், சொல்லிக் குடுக்குறதுன்னு செஞ்சிக்கிட்டு இருக்கேன். அதனால வெளிய சொல்லிக்கிற மாதிரி இல்லாம உள்ள இருக்குற மாதிரியே சொல்றேன், கொஞ்சம் நீளமா வரும்.

ஹோம்னா எல்லாம் ஒரே மாதிரி கெடையாது. நம்ம பக்கம் அதிகமா இருக்கிறது சமய ஆளுங்க நடத்துறது, கன்னியாஸ்திரிகள் மடம், சர்ச், பௌத்த சங்கங்க, கொஞ்சம் இந்து மன்றங்க. இதுல காசு இல்ல, இல்லாட்டி குடுக்க முடிஞ்சத குடுக்கலாம். ரெண்டாவது காசு கட்டுற ஹோம், கண்டிப் பக்கம்தான் கூட, மாசா மாசம் கட்டணும், சேக்குறப்ப டெபொசிட்டும் கேப்பாங்க. அரசாங்கம், மாகாண சபை நடத்துறது நாட்டுக்கே கொஞ்சந்தான், வடக்குல கைதடியில இருக்குற ஹோம் மாதிரி. அதையெல்லாம் நம்பி மலையகத்துல ஒக்காந்திருக்க ஏலாது. அப்புறம் ஒரு முக்கியமான விசயம், காசில்லாத ஹோம்ல பாதிக்கு மேல "தன் வேலைய தானே செஞ்சுக்கிற ஆளு"ன்னாத்தான் எடுப்பாங்க. நடந்து டொய்லட்டுக்குப் போகணும், தானா சாப்பிடணும். படுக்கையில விழுந்ததுக்கு அப்புறம் எடம் தேடினா கிடைக்கிறது கஷ்டம். அதனால "இன்னும் கொஞ்சம் முடியாமப் போகட்டும், அப்ப பாப்போம்"னு தள்ளிப் போடுறவங்களுக்கு கடசியில எடமே கிடைக்காமப் போகுது, இத நெறைய குடும்பத்துல பாத்துட்டேன்.

சட்டப்படி முதியோர்னா 60 வயசு. 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, அதுக்குக் கீழ ஹோம் நடத்துறவங்க பதிவு பண்ணணும். போனவுடனே அந்தப் பதிவுச் சான்றிதழ பாக்கலாமான்னு கேளுங்க, ஒழுங்கான எடம்னா ஆபீஸ் சுவத்துலயே மாட்டியிருப்பாங்க, கோவிச்சுக்க மாட்டாங்க. கோவிச்சா அதுலயே உங்களுக்கு விளங்கிரும். பிரதேச செயலகத்துல முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்னு ஒருத்தர் இருப்பாரு, உங்க பகுதியில எந்த ஹோம் பதிவானது, எங்க எடம் இருக்குன்னு அவருகிட்ட கேக்கலாம். நம்ம ஆளுங்க அந்தக் கதவப் பக்கமே போறதில்ல.

இப்ப நாள் எப்படிப் போகும்னு சொல்றேன். தோட்டத்து ஆளுங்கள யாரும் எழுப்பத் தேவையில்ல, பெரட்டுக்கு (விடியக்காத்தால வேலைக்குப் பேர் குடுக்குறதுக்கு) போன ஒடம்பு, காலையில நாலு மணிக்கே முழிச்சிரும். ஹோம்ல லைட் போடுறது அஞ்சரை மணிக்கு. அந்த ஒண்ணர மணி நேரம் இருட்டுல கட்டில்ல ஒக்காந்திருப்பாங்க, தேத்தண்ணிக்கு ஏங்கிக்கிட்டு. நல்ல ஹோம்னா ராத்திரியே பிளாஸ்குல சாயம் (பால் இல்லாத தேத்தண்ணி) ஊத்தி வச்சிருப்பாங்க, கேக்குறவங்களுக்கு ஊத்திக் குடுப்பாங்க. சின்ன விசயம்தான், ஆனா இத ஒரு ஹோம்ல செய்யுறாங்களா இல்லையான்னு பாத்தா அங்க இருக்குறவங்கள மனுசனா நெனக்கிறாங்களான்னு ஓரளவு தெரிஞ்சிரும். அப்புறம் மொகம் கழுவல், ஜெபமோ பூசையோ அவங்க அவங்க வழக்கப்படி, ஏழு ஏழர மணிக்கு காலச் சாப்பாடு. பாணும் பருப்பும், இல்ல ரொட்டி சம்பல், சில நாள் இடியாப்பம், கடல. குளிக்கிறது தினமும் இல்ல, நம்ம குளிருக்கு அது நடக்காது, வாரத்துக்கு ரெண்டு நாள், வெயில் ஏறினதுக்கு அப்புறம், சுடு தண்ணி வச்சி. மத்த நாள் தொடச்சி விடுவாங்க. பன்னண்டு மணிக்கு சோறு, மூணு மணிக்கு தேத்தண்ணி பிஸ்கட், ஆறு மணிக்கெல்லாம் ராச்சாப்பாடு, எட்டு மணிக்கு லைட் ஆப்.

அந்த ஆறு மணிச் சாப்பாட்ட கவனிச்சீங்களா? அங்கருந்து மறுநாள் ஏழு மணி வர பதிமூணு மணி நேரம். சமையல் ஆளு பஸ்ஸுக்குப் போகணும், அதனால சாப்பாடு அவ்வளவு நேரத்தோட முடியுது. சீனி வருத்தம் இருக்குறவங்களுக்கு, அதுலயும் கிளிக்லசைட், டொல்பியூட்டமைட் மாதிரி சீனியக் கொறைக்கிற குளிசை (மாத்திர) போடுறவங்க, இன்சுலின் அடிக்கிறவங்களுக்கு, விடியக்காத்தால சீனி எறங்கிரும். வேர்த்து ஊத்தும், கை நடுங்கும், சம்பந்தமில்லாமப் பேசுவாங்க, சில பேர் எந்திரிச்சி, இன்னும் தோட்டத்து வேலைக்குப் போற நெனப்புல, "பேர் விழாது, மலைக்குப் போகணும்"னு கதவத் தட்டுவாங்க. தெரியாத மிஸ்ஸு "கெழவிக்கு மூள கொழம்பிருச்சு, காத்து கருப்பு புடிச்சிருக்கு"ன்னு திருநீறு பூசி படுக்க வச்சிருவாங்க. ஒரு கப் சீனித் தண்ணி குடுத்தா பத்து நிமிசத்துல தெளிஞ்சிருவாங்க, மயங்கிட்டாங்கன்னா மட்டும் வாயில எதையும் ஊத்தாம ஒடனே 1990க்கு அடிச்சி அம்புலன்ஸ் கூப்பிடணும், அது காசில்ல. உங்க அம்மாவுக்கு சீனி இருந்தா, ராத்திரி எட்டு மணிக்கு பால் இல்லாட்டி ரெண்டு கிரேக்கர் பிஸ்கட் குடுப்பீங்களான்னு நேரா கேளுங்க.

அடுத்தது தானம். இது தெரியாம நம்ம ஊரு ஹோம் சாப்பாட்டப் பத்தி பேச ஏலாது. காசில்லாத ஹோம்கள்ல சாப்பாட்டுச் செலவுல பெரிய பங்கு தானத்துலதான் ஓடுது. பிள்ளைக்குப் பொறந்த நாள், அப்பாவுக்கு திவசம், கல்யாண நாள், எல்லாத்துக்கும் ஒரு நேரச் சாப்பாடு குடுக்க ஆளுங்க நாள் புக் பண்ணுவாங்க, ஆபீஸ்ல பெரிய கலண்டர் தொங்கும், காலை மதியம் ராத்திரின்னு கட்டம் போட்டு பேரு எழுதியிருக்கும். டிசம்பர் மாசமும் வெசாக் சமயமும் ஒரு கட்டம் காலி இருக்காது. ஜனவரி பாதிக்கு அப்புறம் பாத்தீங்கன்னா வரிசையா காலி, அன்னைக்கு பருப்பு, முட்டக்கோவா, கருவாடு, அவ்வளவுதான். 2022ல காசு நெருக்கடி வந்தப்ப, கேஸ் இல்லாம அரிசி வெல ஏறி, தானம் குடுக்குறவங்களும் நின்னு போனப்ப, பல எடத்துல வெறகடுப்புக்கு மாறி ஒரு கறியோட சோறு போட்டாங்க. மருந்தும் ஆஸ்பத்திரியில இல்லாம வெளிய வாங்கச் சொல்லி துண்டு எழுதினாங்க.

தானம் குடுக்குறவங்க மனசு நல்ல மனசுதான், கொற சொல்லல. ஆனா நடக்குறதச் சொல்லணும். பன்னண்டு மணிக்கு வர்றேன்னு சொன்ன குடும்பம் ஒண்ணர மணிக்கு வேன்ல வந்து எறங்கும், அதுவரைக்கும் குளிசை போட்ட ஆளுங்க மேசையில கைய கட்டிக்கிட்டு இருப்பாங்க. அப்புறம் பிரைட் ரைஸ், டெவில் சிக்கன், கட்லட், சொக்லட் கேக், ஐஸ்கிரீம். பல்லில்லாத வாய்க்கு சிக்கன், சீனிக்காரங்களுக்கு கேக். போட்டோ எடுக்கணும்னு கேக் துண்ட வாய்க்கிட்ட பிடிச்சிக்கிட்டு "சிரிங்க பாட்டி"ம்பாங்க. ரெண்டு மணி நேரத்துல வேன் போயிரும், ராத்திரி முழுக்க வயித்தால போறத கழுவுறது ரெண்டு மிஸ்மாரு. நீங்க தானம் குடுக்க நெனச்சீங்கன்னா காசாவோ அரிசியாவோ குடுத்து ஹோம்லயே சமைக்கச் சொல்லுங்க, இல்லாட்டி பெரியவங்களுக்கான பம்பர்ஸ் வாங்கிக் குடுங்க. ஒக்டோபர் 1ம் தேதி சிறுவர் தினமும் முதியோர் தினமும் ஒண்ணா வர்றதால ஸ்கூல் பிள்ளைங்க வந்து பாட்டு பாடி டான்ஸ் ஆடிட்டுப் போகும், அது மட்டும் நெசமாவே சந்தோசமான நாள், கேக் துண்ட விட பிள்ளைங்க மொகத்த தொட்டுப் பாக்கத்தான் ஆசப்படுவாங்க.

சாப்பாட்ட ஒளிச்சு வைக்கிறதப் பத்தியும் சொல்லணும், ஏன்னா உங்க அம்மாவும் செய்வாங்க. ஒரு பாட்டி இருக்காங்க, பொகவந்தலாவ பக்கத்து ஆளு, தலகாணி ஒறைக்குள்ள பிஸ்கட், பாண் துண்டு, துணியில முடிஞ்ச சீனி எல்லாம் இருக்கும். எலி வருது, எறும்பு வருதுன்னு மிஸ்மாரு திட்டுவாங்க, புடுங்கி எறிவாங்க, அந்தம்மா ஒரு நாள் முழுக்க சாப்பிடாம இருப்பாங்க. கோதம்ப மாவ அளந்து வாங்கி மாசம் ஓட்டின வயசு, கையில ஏதாவது இருந்தாத்தான் அவங்களுக்கு ராத்திரி தூக்கம் வரும். கடசியில மூடி போட்ட ஒரு பிஸ்கட் டின்ன அவங்க கட்டிலுக்குப் பக்கத்துல வச்சி "இது உங்களுது, யாரும் தொறக்க மாட்டாங்க"ன்னு சொன்னோம், எலியும் நின்னுது சண்டையும் நின்னுது.

என்னக் கேட்டா ஹோம்ல சாப்பாட்ட விட பெரிய பிரச்சின பின்னேரம்தான். மதியம் ரெண்டு மணியில இருந்து ஆறு மணி வர எதுவுமே கெடையாது. டீவியில நாடகம் ஓடும், பாதிப் பேருக்குக் காது கேக்காது, மீதிப் பேருக்குக் கண்ணுல புர. சுவத்தப் பாத்து வரிசையா ஒக்காந்திருப்பாங்க. யோசிச்சிப் பாருங்க, பதினாலு பதினஞ்சு வயசுல கூடைய மாட்டி, இடுப்புல படங்குச் சாக்க கட்டி, அட்டக் கடியில கொழுந்து எடுத்த ஆளுங்க, பென்சன் எடுத்ததுக்கு அப்புறமும் பேரப்பிள்ளைங்கள வளத்தவங்க, மகள் வெளிநாட்டுல இருக்க இவங்கதான் சோறாக்கி ஸ்கூலுக்கு அனுப்பினவங்க. சும்மா இருந்து பழக்கமே இல்ல. ரெண்டு மாசம் சும்மா ஒக்கார வச்சா காலு இறுகிரும், பேச்சு கொறஞ்சிரும், அதுக்கு அப்புறம் நடக்க வைக்க ஏலாது.

அதனால வேல குடுக்குற ஹோம் எனக்குப் பிடிக்கும். சொளகுல அரிசி பொடைக்கிறது, வல்லார ஆயுறது, போஞ்சி நறுக்குறது, பூ கட்டுறது, துணி மடிக்கிறது. வெளிய இருந்து வர்றவங்க இதப் பாத்துட்டு "ஐயோ வயசானவங்கள வேல வாங்குறாங்க"ன்னு மொகத்தச் சுளிப்பாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். விருப்பமான வேலைய ஒக்காந்து செய்யுறது வேற, ஆளு கொறவுன்னு டொய்லட் கழுவ விடுறது வேற, ரெண்டாவத பாத்தா மட்டும் அந்த ஹோம விட்டு வந்துருங்க. ஒரு தாத்தா பேக்டரியில வேல செஞ்சவரு, ஹோம்ல குடுக்குற தேத்தண்ணிய ஒரு மொடக்கு குடிச்சிட்டு "இது கூட்டி அள்ளின டஸ்ட்டு"ன்னு தினமும் ஒரு சண்ட போடுவாரு. அவரு சொல்றது சரிதான், நல்ல தேயில எல்லாம் கப்பல் ஏறிப் போயிருது, செஞ்சவங்களுக்கு எப்பவும் டஸ்ட்டுத்தான். கடசியில தேயில வாங்குறப்ப அவருகிட்ட மாதிரி காட்டுற வேலைய குடுத்துட்டாங்க.

ஒடம்பு விசயத்துக்கு வருவோம். மலையில ஏறி எறங்கின முழங்கால் எல்லாருக்கும் தேஞ்சிருக்கும், வெறகடுப்புப் பொகையில நெஞ்சுச் சளி, கூடைக் கயிறு இழுத்த கழுத்து வலி. டவுன் பார்மசியில சீட்டு இல்லாம வாங்குற வலிக் குளிசைய அம்மா மடியில முடிஞ்சி வச்சிருந்தா மொதல்ல அத வாங்கிருங்க, டைக்குளோபெனக் மாதிரியான குளிசைய தினமும் போட்டா வயிறும் கிட்னியும் போயிரும். கிளினிக் மாசா மாசம் அரசாங்க ஆஸ்பத்திரியில, டிக்கோயாவோ நுவரெலியாவோ பதுளையோ, எந்த ஹோம் எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகுதுன்னு கேளுங்க, கிளினிக் கொப்பி (மருந்து எழுதுற நோட்டு) யாரு கையில இருக்குதுன்னும் கேளுங்க. சில எடத்துல ஆள கூட்டிட்டுப் போகாம கொப்பிய மட்டும் குடுத்தனுப்பி பழைய மருந்தையே எடுத்துட்டு வந்திருவாங்க, வருசக்கணக்கா டொக்டரே பாத்திருக்க மாட்டாரு.

விழுறது எங்கன்னு நெனைக்கிறீங்க? பெரும்பாலும் டொய்லட்டுலதான். தோட்டத்துல குந்தி இருந்து பழகினவங்க, ஹோம்ல கொமட். முன்ன பின்ன பாத்ததில்ல, அது மேல ஏறிக் குந்துவாங்க. ராத்திரி, ஈர சீமெந்து, ரப்பர் செருப்பு, இடுப்பு எலும்பு ஒடஞ்சிரும். இடுப்பு ஒடஞ்சா அந்த வயசுல பலபேரு திரும்ப எந்திரிக்கிறதில்ல. சேக்குறதுக்கு முன்னாடியே கொமட்ல ஒக்கார ஒரு தடவ பழக்கிக் காட்டுங்க, வெக்கப்படாதீங்க, தங்கச்சி போன்ல சொன்னாலும் சரி. சுவத்துல பிடிக்க கம்பி இருக்கா, ராத்திரி லைட் எரியுதா, கட்டில்ல இருந்து எத்தன அடி நடக்கணும்னு நீங்களே நடந்து பாருங்க.

குளிர் உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றேன். நுவரெலியா டவுன் 1868 மீட்டர் ஒசரம், ஜனவரி பெப்ரவரியில விடியக்காத்தால புல்லு வெள்ளையாயிரும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வர மழை நிக்காது, துணி காயாது, ஈரக் கம்பளியோட படுத்தா நெஞ்சு அடைச்சிரும், பதுளைப் பக்கம்னா அந்த மழை ஒக்டோபருக்கு மேல. வயசானவங்களுக்கு சூடு ஒடம்புல நிக்காது. சொக்ஸ் நாலு சோடி, மங்கி கெப், உள்ள போடுற ஸ்வெட்டர், கம்பளி ரெண்டு, ஒண்ணு காயுறப்ப மத்தது. சுடுதண்ணி போத்தல கால்ல வைக்க விடாதீங்க, சீனிக்காரங்களுக்கு கால் மரத்திருக்கும், வெந்தாலும் தெரியாது, அந்தப் புண்ணு மாசக்கணக்குல ஆறாது. லயத்துல அடுப்புக் கங்க சட்டியில போட்டு பக்கத்துல வச்சிக்கிற பழக்கம் இருக்கு பாருங்க, கதவு ஜன்னல் அடைச்ச ரூம்ல அது ஆள கொல்லும், ஹோம்லயும் சரி வீட்டுலயும் சரி வேணாம்.

ஹோம் எந்த எடத்துல கட்டியிருக்குன்னும் பாருங்க. 2014 ஒக்டோபர்ல கொஸ்லந்த மீரியபெத்தையில மலை சரிஞ்சி லயமே மூடினத மறக்க ஏலாது, 2025 நவம்பர்ல டித்வா புயல்லயும் பதுளை, நுவரெலியா, கண்டிப் பக்கம் எத்தன எடம் சரிஞ்சிச்சு. பின்னால மண்ண வெட்டி கட்டடம் எழுப்பின ஹோம்னா, மண்சரிவு எச்சரிக்க வந்தா நடக்க ஏலாத ஆளுங்கள எங்க, எதுல கொண்டு போவீங்கன்னு கேளுங்க. பதில் இல்லன்னா வேற எடம் பாருங்க.

ராத்திரி எத்தன ஆளுன்னு கேக்குறதுதான் எல்லாத்துலயும் பெரிய கேள்வி. பகல்ல போனா மேட்ரன், மிஸ்மாரு, சமையல் ஆளு, தோட்டக்காரர்னு ஒரு கூட்டம் இருக்கும். ராத்திரி நாப்பது பேருக்கு ஒரே ஒரு பிள்ள இருக்கும், இருவது வயசு, பகல் முழுக்க வேல செஞ்சிட்டு அங்கயே படுக்குற பிள்ள. அந்தப் பிள்ளையையும் கொற சொல்ல ஏலாது, கார்மென்ட்ஸுக்குப் போனா இத விட சம்பளம் கூட, அதனால ஆளே நிக்கிறதில்ல. ஆனா படுக்கையில இருக்குறவங்கள ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் போடணும், இல்லாட்டி இடுப்புக்குக் கீழயும் குதிகால்லயும் தோல் செவந்து புண்ணு வந்துரும், ஒராளால அது முடியாது. எனக்கு ஒரு ஹோமோட லெச்சணம் தெரியணும்னா நான் படுத்த படுக்கையா இருக்குறவங்க ரூமுக்குத்தான் நேரா போவேன். போர்வைய தூக்கி குதிகாலப் பாப்பேன், கால் நகத்தப் பாப்பேன், தண்ணிக் கப்பு கை எட்டுற எடத்துல இருக்கான்னு பாப்பேன். ஹோல்ல பூச்செடி, டைல்ஸ், சாமி ரூம் எல்லாம் வர்றவங்களுக்காக.

மொழிப் பிரச்சினையும் இருக்கு. கண்டிப் பக்கத்து ஹோம்னா கவனிக்கிற பிள்ளைங்க பெரும்பாலும் சிங்களம். நம்ம தாத்தாமாரு சமாளிப்பாங்க, கடைக்கு டவுனுக்குப் போயி பழகினவங்க, அம்மாமாருக்கு கஷ்டம், மலையும் லயமும் பிள்ளைக்காம்பராவும் (வேலைக்குப் போறப்ப பிள்ளைய விட்டுட்டுப் போற எடம்) தான் அவங்க ஒலகம். வலிக்குது, மூச்சு முட்டுது, ஒண்ணுக்கு வருது, இத சொல்லத் தெரியாம அழுவாங்க, அழுதா "கொழப்படி"ன்னு பேரு வரும். கூட இன்னும் ரெண்டு மூணு தமிழ் ஆளுங்களாவது இருக்குற ஹோமா பாருங்க, கட்டடம் கொஞ்சம் பழசா இருந்தாலும் பரவால்ல. சாப்பாட்டுல மாட்டெறச்சி சேக்குறாங்களான்னு கேளுங்க. கிறிஸ்தவ மடத்துல காலையிலயும் பின்னேரமும் ஜெபம் நடக்கும், நான் பாத்த எடங்கள்ல கட்டாயப்படுத்தினதில்ல, பக்கத்துல ஒக்காந்து இவங்க மாரியம்மன கும்பிட்டுக்குவாங்க. தோட்டத்துத் திருவிழாவுக்கு மட்டும் கூட்டிட்டுப் போங்க தம்பி, தீவாளிக்கு வராட்டியும் பரவால்ல, கரகம் பாலிக்கிற ராத்திரிக்கு அவங்க அங்க இருக்கணும்.

"யாருமில்லாத கேஸ்"னு ஹோம் புத்தகத்துல எழுதியிருக்குற பல பேருக்கு நெசமாவே யாருமில்லாம இல்ல. 1964ல இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல நம்ம ஆளுங்க 525,000 பேர இந்தியாவுக்கு அனுப்புறதா முடிவு பண்ணி, அப்பா அம்மா ஒரு பக்கம் அண்ணன் தம்பி ஒரு பக்கம்னு பிரிச்சு விட்டாங்களே, கூடப் பொறந்தவங்க கோத்தகிரியிலயும் கூடலூர்லயும் இருக்காங்க, கடதாசி நின்னு எத்தனையோ வருசம். இங்க தங்கினவங்கள்லயும் 2003ல சட்டம் வந்துதான் பல பேருக்கு பிரஜாவுரிமையே கிடைச்சுது. அதனால இந்த வயசுக்காரங்க பேப்பர் எல்லாம் கொழப்பமா இருக்கும், பொறந்த சேட்டிபிகட் இருக்காது, ஐடில ஒரு பேரு, தோட்டத்து செக்ரோல்ல (வேல, சம்பளப் பதிவுல) ஒரு பேரு, ஈபிஎப்ல (சேமலாப நிதியில) வேற ஒரு எழுத்து.

அது நேரா காசு விசயத்துல வந்து முட்டும். அம்மாவோட ஈபிஎப் எடுத்தாச்சா, பொம்பளைங்க 50 வயசுல எடுக்கலாம், ஆம்பளைங்க 55. 1983ம் வருசத்து பணிக்கொடைச் சட்டப்படி அஞ்சு வருசத்துக்கு மேல வேல செஞ்ச நாள் சம்பளக்காரங்களுக்கு வருசத்துக்கு 14 நாள் சம்பளம் கிரெச்சுவிட்டியா வரணும், அது வந்துச்சா, அப்பாவுது யாரு எடுத்தாங்க, எல்லாத்தையும் ஹோமுக்குப் போறதுக்கு முன்னாடி தோட்டத்து ஆபீஸ்ல கேளுங்க, போனதுக்கு அப்புறம் ஒருத்தரும் தேடித் தர மாட்டாங்க. 70 தாண்டின வருமானம் கொறஞ்சவங்களுக்கு முதியோர் கொடுப்பனவு இருக்கு, 2025 ஏப்ரல்ல இருந்து 5000 ரூவா, அம்மாவுக்கு அது பதிஞ்சிருக்கான்னு கிராம சேவகர்கிட்ட கேளுங்க. பேங்க் புத்தகம் அம்மா கையிலயோ உங்க கையிலயோ இருக்கட்டும், ஹோம்ல குடுத்தா ரசீது வாங்குங்க. சேக்குறப்ப ஐடி கொப்பி, மெடிக்கல், கிராம சேவகர் கடிதம் கேப்பாங்க. செத்தா ஒடம்ப யாரு எடுப்பாங்கன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்தும் கேப்பாங்க, அதப் பாத்து மனசு ஒடைஞ்சிராதீங்க, அவங்களுக்கும் அனுபவம். அம்மா தோட்டத்துலயே அப்பாவுக்குப் பக்கத்துல பொதைக்கச் சொன்னா அதையும் அந்தப் பேப்பர்லயே எழுதி வைங்க.

பிள்ளைங்க பாக்காம விட்டா அதே 2000ம் வருசத்துச் சட்டத்துல பராமரிப்புச் சபைன்னு ஒண்ணு இருக்கு, பெத்தவங்க முறப்பாடு குடுத்தா பிள்ளைங்க மாசாமாசம் காசு குடுக்கணும்னு உத்தரவு போடும். ஒங்களுக்காக சொல்லல, படிக்கிற மத்தவங்களுக்காக. நம்ம ஆளுங்கள்ல அங்க போறவங்க அபூர்வம், மகன் மேல எப்படி கேஸ் போடுறதும்பாங்க.

ஹோம் இல்லாம வேற வழி இருக்கான்னா, இருக்கு, அம்மாவுக்கு இன்னும் நடக்க முடியுதுன்னா ஒரு தடவ யோசிங்க. அதே லயத்துல வேலைக்குப் போகாத ஒரு அக்காவுக்கு மாசம் ஒரு தொக குடுத்து சோறும் சுடுதண்ணியும் ராத்திரி படுக்க தொணையும் கேக்கலாம், பீலிக்குப் போகாம கொழாய இழுத்து வாசல்ல வச்சிக் குடுக்கலாம், டொய்லட்டுக்கு கம்பி அடிக்கலாம். ஆனா பல தோட்டத்துல வீட்டுல யாரும் தோட்ட வேலைக்குப் பேர் போடலன்னா காம்பராவ திருப்பிக் கேப்பாங்க, அதையும் தோட்டத்து தொரைகிட்டயோ (மேனேஜர்) சங்கத் தலைவர்கிட்டயோ கதைச்சி வச்சிக்கங்க. 2012ல நாட்டுல 65 வயசுக்கு மேல இருந்தவங்க 7.9 சதவீதம், 2024 கணக்கெடுப்புல 12.6. எளசுங்க எல்லாம் கொழும்புலயும் வெளிநாட்டுலயும், லயத்துல பாத்தா கெழடும் கொழந்தையும்தான். ஒவ்வொரு தோட்டத்துலயும் பிள்ளைக்காம்பரா இருக்குற மாதிரி வயசானவங்க பகல்ல வந்து ஒக்காந்து சாப்பிட்டுட்டுப் போக ஒரு எடம் இருந்தா பாதிப் பேரு ஹோமுக்கே போகத் தேவையில்ல. தொழிற்சங்கக்காரங்க சம்பளத்தோட சேத்து இதையும் கேட்டா நல்லாருக்கும், கேக்கத்தான் ஆளக் காணோம்.

ஹோம்னு முடிவு பண்ணீங்கன்னா, சொல்லாம கொள்ளாம தானம் இல்லாத ஒரு நாள் பின்னேரம் நாலு மணிக்குப் போயி பாருங்க, அப்புறம் திரும்ப ஒரு தடவ ராச்சாப்பாட்டு நேரத்துக்கு. மொதல் ஒரு மாசம் அம்மா அழுவாங்க, கூட்டிட்டுப் போகச் சொல்லுவாங்க, பெரும்பாலும் அதுக்கு அப்புறம் பக்கத்துக் கட்டில் ஆளோட சேந்துருவாங்க. அந்த மாசத்துல "பழகட்டும்"னு போகாம இருக்காதீங்க, அப்பத்தான் அடிக்கடி போகணும். பெரிய பட்டன் போன் ஒண்ணு வாங்கிக் குடுத்து ஒரே நேரத்துல எடுங்க. வர முடியாதுன்னா வரலன்னு சொல்லுங்க, ஞாயித்துக்கெழம வர்றேன்னு சும்மா சொல்லிறாதீங்க, காலையில இருந்து வாசல்ல ஒக்காந்து மதியம் சோறு வேணாம்பாங்க.

கிளினிக்குக்குப் போறோம்னு பொய் சொல்லி வேன்ல ஏத்திட்டு வந்து விடுற ஆளுங்கள நெறைய பாத்திருக்கேன், அப்படி வந்தவங்க கடசி வரைக்கும் யாரையும் நம்புறதில்ல, மருந்து குடுத்தாலும் துப்பிருவாங்க. நேரா சொல்லுங்க, கூட்டிட்டுப் போயி காட்டுங்க, ஒரு வாரம் இருந்து பாக்கட்டும், முடியாதுன்னா லயத்துக்கே கூட்டிட்டு வந்துருங்க, அது அவங்க உரிமை. சரின்னு சொன்னாங்கன்னா அவங்க பழைய கம்பளி, சாமி படம், வெத்தலப் பெட்டி மூணையும் மறக்காம எடுத்துக்கங்க. வெத்தல போட விடுவாங்களான்னு முன்னாடியே கேட்டு வச்சிக்கங்க, துப்பி சுவத்த நாசம் பண்றாங்கன்னு பல எடத்துல தட, படிக்கம் ஒண்ணு நீங்களே வாங்கிக் குடுத்தா மேட்ரன்மாரு அனேகமா விட்டுருவாங்க.